மழை மாசத்தில் வீட்டுக்காரரை நடக்க வைப்பது எப்படி

எங்கள் வீட்டுக்காரருக்குச் சுகர் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. 31 வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். கல்யாணம் ஆகி எங்களுக்கு இது 36-வது வருஷம். வீடு தக்கலை பக்கம். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும், அவருடைய அம்மாவும். மாமிக்கு 84 வயசு, காது மட்டும் கொஞ்சம் மந்தம். மகள் பெங்களூரில் இருக்கிறாள்.

சுகர் டெஸ்ட் சீட்டு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் கோர்த்து வைத்திருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் உட்கார்ந்து புரட்டினபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மூன்று மாதச் சராசரி என்று ஒன்று எடுப்பார்கள் இல்லையா, அது புரட்டாசியில் 7.1, மார்கழியில் 8.4. அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான். அதற்கு முந்தினதும் அப்படியே. சித்திரை வைகாசியில் இறங்கி நிற்கிற சுகர், ஐப்பசி கார்த்திகை தாண்டினதும் ஏறி நிற்கிறது. மனுஷன் அதே மனுஷன், மாத்திரையும் அதே மாத்திரை. மாறினது காலம்தான்.

ஆனி ஆடி மழை எங்கள் மாவட்டத்தில் விட்டு விட்டுத் தூறும், இடையில் வெயிலும் அடிக்கும், ஆளுக்கு ஒரு குடை இருந்தால் நடந்துவிடலாம். துலா மாச மழை, அதாவது ஐப்பசி மழை, வேறு. மத்தியானத்துக்கு மேல் வேளிமலைப் பக்கம் கறுத்து வந்தால் இடி மின்னலோடு கொட்டும். சாயங்காலம் நடக்கப் போகிறவர் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். அப்புறம் சட்டையைக் கழற்றிவிட்டு, "காப்பி கூட ஏதாவது உண்டா?" என்று கேட்பார். ஏத்தம்பழ பஜ்ஜி அங்கே தொடங்கும். தீபாவளி வரும். கார்த்திகைக் கொழுக்கட்டை வரும். மார்கழியில் டாக்டரம்மா சீட்டைப் பார்த்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார்.

கடந்த மூன்று வருஷமாக அந்த ஏற்றம் இல்லை. நாங்கள் செய்ததை அப்படியே எழுதுகிறேன். வீட்டில் சுகர் ஆள் இருக்கிற எல்லோருக்கும் உதவும். மாத்திரை அளவு மட்டும் உங்கள் டாக்டர் சொல்கிறபடிதான்.

நடக்கிற வழியை வீட்டுக்குள் போடுங்கள்

முதலில் டேப் எடுத்து வீட்டை அளக்க வேண்டும். எங்கள் முன் வராந்தாவிலிருந்து பின்பக்கத்து விறகுப்புரைச் சுவர் வரைக்கும் 20 மீட்டர். போய்த் திரும்பினால் 40. அப்படி 25 தடவை என்றால் ஒரு கிலோமீட்டர். வழியில் கிடக்கிற ஸ்டூல், தேங்காய்க் குவியல், மிதியடி எல்லாவற்றையும் ஐப்பசி பிறக்கும் முன்பே ஒதுக்கிவிடுங்கள். மழைக் காலத்தில் தரை வியர்க்கும். வழுக்கி விழுந்தால் சுகரை விட அது பெரிய தொந்தரவு.

எப்போது நடப்பது? சாப்பிட்டு எழுந்து கை கழுவினதும். சாப்பிட்ட உடனே கால் அசைந்தால் இரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையைத் தசை எடுத்துச் செலவழித்துவிடும் என்று டாக்டரம்மா எங்களுக்கு விளக்கினார். வேளைக்கு 15 நிமிஷம், மூன்று வேளை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் உடம்பை அசைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அது வேகநடைக் கணக்கு. வீட்டுக்குள் அவ்வளவு வேகம் வராது, அதனால் நிமிஷத்தைக் கூட்டிக்கொண்டோம்.

"நீங்க நடங்க" என்று சொன்னால் எந்த வீட்டுக்காரரும் நடக்க மாட்டார். நான் அவருக்கு முன்னால் நடக்கத் தொடங்கினேன். இரண்டு நாள் நாற்காலியில் இருந்து பார்த்தார். மூன்றாம் நாள், "நீ திரும்புறது சரியில்ல, வட்டம் அடிச்சுத் திரும்பணும்" என்று எழுந்து வந்தார். இன்றைக்கும் விறகுப்புரைச் சுவர் கிட்டே திரும்பும்போது அவருடைய இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே வந்து, பெரிய ஸ்டியரிங்கை வளைக்கிறது மாதிரி வளையும். அது அவருக்கே தெரியாது. பின்னால் வருகிற எனக்கு அதைப் பார்க்கிறதே ஒரு சந்தோஷம்.

எண்ணிக்கை வைக்க ஒருத்தர் வேண்டும். அந்த வேலையை மாமியிடம் கொடுத்தோம். அது வரைக்கும் மாமி எங்கள் எதிர்க்கட்சியாக இருந்தார். "தின்னட்டும், பாவம், எத்தனை நாளைக்கு" என்பார். இப்போது அவர் மடியில் இரண்டு சிரட்டை. ஒன்றில் 17 புளியங்கொட்டை. நாங்கள் ஒரு தடவை போய்த் திரும்பினால் ஒரு கொட்டையை மற்ற சிரட்டையில் போட்டு "ரைட்" என்பார். மகன் கள்ளக் கணக்குச் சொன்னால் விடுவதில்லை. பெரியவர்களுக்கு நம்மை எதிர்க்கிற வேலையை விட்டு வேறு ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள், வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

ஒரு வேளைக்கு 17 சுற்று என்றால், நாளைக்கு இரண்டு கிலோமீட்டர். அதை வெறும் கிலோமீட்டராக எழுதினால் அலுத்துப் போகும். எங்கள் வீட்டில் அது பஸ் ரூட்டு. தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஐப்பசி 1-ல் தக்கலையில் புறப்பட்டால், கார்த்திகை முடியும் முன்பு திருவனந்தபுரம் போய்த் திரும்பிவிடலாம். அழகியமண்டபம், மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம். காலண்டரில் அந்தந்த நாளில் ஸ்டாப் பேரை அவரே எழுதுவார். ஒரு வாரத்தில் மார்த்தாண்டம். களியக்காவிளை தாண்டின அன்று, "இனி கேரளா, காப்பி நல்லா இருக்கும்" என்றார்.

இந்த ரூட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுவார்கள். தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து அங்கே மாறின பிறகு வந்த வழக்கம். குழித்துறையில் ஒரு ராத்திரி, நெய்யாற்றின்கரையில் ஒரு ராத்திரி தங்கி, மூன்றாம் நாள் போய்ச் சேருவார்கள். நவராத்திரி முடிந்தால் அதே வழியில் திரும்பி வருவார்கள். டியூட்டியில் இருந்த காலத்தில் அந்த ஊர்வலத்துக்குப் பின்னால் பஸ்ஸை உருட்டிக்கொண்டு போன கதையை அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பெரும்பாலான வருஷம் சாமிகள் திரும்பி வந்து சேர்ந்த பிறகு எங்கள் நடை தொடங்கும். நீங்கள் ஈரோட்டுக்காரர் என்றால் உங்களுக்குப் பழனி இருக்கிறது. மனசுக்குப் பிடித்த வழியாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

சோற்றுத் தட்டு

இதில் பெரிய மாற்றம் ஒன்றும் செய்யவில்லை. சம்பா அரிசிச் சோறுதான், அளந்து ஒரு கப். தட்டில் வரிசையை மட்டும் மாற்றினேன். முதலில் துவரன், அதாவது தேங்காய் போட்ட பொரியல், பயறோ முட்டைக்கோஸோ வாழைக்கூம்போ, அதைத் தின்று முடிக்க வேண்டும். அப்புறம் மீன். கடைசியில் சோறு. காய் முதலில் போனால் சுகர் சட்டென்று ஏறாது, சோறும் குறைவாகவே இறங்கும். ராத்திரி பசித்தால் காணத் (கொள்ளு) துவையலும் ஒரு தோசையும்.

மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, நிறுத்தச் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள், நான் சொல்லவும் இல்லை. மழை பெய்யும்போது வேகவைத்த கிழங்கும் சாளைக் குழம்பும் இல்லாமல் என்ன ஐப்பசி? ஆனால் அது முழுக்க மாவுச்சத்து. கிழங்கு உள்ள அன்று சோறு கிடையாது. உள்ளங்கை அளவு கிழங்கு, மீன் இரண்டு மடங்கு. வாரத்தில் ஒரு நாள், எங்களுக்கு அது ஞாயிறு.

கருப்பட்டி விஷயத்தில் வாய்ப்பேச்சு உதவாது. "கருப்பட்டி சுகரை ஏத்தாது" என்று இங்கே பாதிப் பேர் நம்புகிறார்கள். இவரும் நம்பினார். ஒரு சனிக்கிழமை வீட்டு மெஷினில் குத்திப் பார்த்தோம். 138. கருப்பட்டிக் காப்பி குடித்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடி குத்தினோம். 196. மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு சுக்கும் நல்லமிளகும் துளசியும் தட்டிப் போட்டு, இனிப்பில்லாமல்தான் குடிக்கிறார். நீங்களும் நம்பர் பேசட்டும் என்று விட்டுவிடுங்கள். நாம் பேசினால் அது புருஷன் பெண்டாட்டிச் சண்டை ஆகிவிடும்.

இன்னொன்று. நம்பர் கூடி வந்தால் "என்னத்தத் தின்னீங்க?" என்று முதலில் கேட்காதீர்கள். தடுமன், காய்ச்சல் இருந்தாலும் சுகர் ஏறும். ராத்திரி தூங்கினாரா என்று கேளுங்கள். சாப்பிடுகிற நேரத்தில் சுகர் பேச்சே வேண்டாம். எங்களுக்கு அதற்குச் சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். மகள் போனில் பாடம் எடுப்பதும் அப்போது மட்டும்தான்.

முந்திரிக்கொத்து

தீபாவளி வந்தால் எங்கள் பக்கத்து வீடுகளில் முந்திரிக்கொத்து இல்லாமல் இருக்காது. சிறுபயறை வாசம் வர வறுத்துத் திரித்து, தேங்காய்த்துருவலைச் சிவக்க வறுத்து, ஏலக்காய், சுக்கு, எள் எல்லாம் சேர்த்து, கருப்பட்டிப் பாகை ஊற்றிக் கிளற வேண்டும். சூடு ஆறும் முன்பு உருட்ட வேண்டும், ஆறினால் உதிரும். மாமி பக்கத்தில் இருந்து, "கை பொறுக்குற சூடு இருக்கையிலேயே உருட்டு மக்கா" என்பார். பச்சரிசி மாவில் மஞ்சள்பொடி சேர்த்துக் கரைத்து, மூன்று மூன்று உருண்டையாகச் சேர்த்து முக்கி எண்ணெயில் விட்டால், மூன்றும் ஒட்டிக்கொண்டு ஒரு திராட்சைக் கொத்து மாதிரி மிதந்து வரும். எங்கள் பழைய ஆட்கள் திராட்சையை முந்திரிப்பழம் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேர் அப்படி வந்ததுதான் என்பார் மாமி. மற்றபடி உள்ளே ஒரு முந்திரிப்பருப்பும் கிடையாது.

ஐந்து வருஷத்துக்கு முந்தின தீபாவளிக்கு நான் முந்திரிக்கொத்தே செய்யவில்லை. சுகர் ஆள் வீட்டில் எதற்கு என்று நினைத்தேன். தீபாவளி முடிந்து இரண்டாம் நாள் காலையில் வாசல் பெருக்கும்போது, ஸ்கூட்டரின் பின் சக்கரத்திலிருந்து சீட்டு வரைக்கும் கட்டெறும்பு வரிசையாக ஏறிப் போய்க்கொண்டிருந்தது. சாவி போட்டுச் சீட்டைத் தூக்கினால், ரெயின்கோட்டுக்குள் பொதிந்து ஒரு பொட்டலம். கடையில் வாங்கின முந்திரிக்கொத்து, ஆறு தீர்ந்து நாலு மிச்சம். நான் கத்தினேன். "நான் என்ன கைக்குழந்தையா?" என்று அவரும் கத்தினார். மாமி மகன் பக்கம் பேசினார். அன்று மத்தியானம் மூன்று பேரும் மூன்று நேரத்தில் சாப்பிட்டோம். தீபாவளி நாளில் 60 வயசு மனுஷன் ரெயின்கோட்டுக்குள் பலகாரத்தை ஒளித்துவைத்துத் தின்ன வேண்டி வந்ததே என்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வருஷம் முதல் வீட்டிலேயே செய்கிறோம். எண்ணி 20 கொத்துத்தான். உருண்டை நெல்லிக்காய் அளவு. கருப்பட்டி பழைய அளவில் பாதி, பயறும் தேங்காயும் கூடுதல். முதல் வருஷம் ஒற்றை ஒற்றையாகப் பொரித்துவிடலாம் என்று பார்த்தேன். "ஒத்தையா இருந்தா அது கொத்தா?" என்று கேட்டார். கேட்டது நியாயம். அதனால் கொத்தாகவே பொரித்து, தட்டில் ஒரு கொத்து வைப்பேன். அவரே பிரிப்பார். ஒன்று மாமிக்கு, ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. சாப்பாட்டோடு சேர்த்துத் தின்றுவிட்டு, 17 கொட்டை நடை. மூன்று நாள் அப்படி. மிச்சம் அக்கம்பக்கத்துக்கும், அவருடைய தங்கை வீட்டுக்கும் அன்றைக்கே போய்விடும். ஸ்கூட்டர் பக்கம் அதற்குப் பிறகு எறும்பு வரவில்லை.

வீட்டில் சீனியே வைக்காதீர்கள் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வையுங்கள். ஒரு ராத்திரி மாத்திரை போட்டுவிட்டு, வயிறு சரியில்லை என்று சாப்பிடாமல் படுத்தார். பதினொரு மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. குத்திப் பார்த்தால் 64. எழுபதுக்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டும். மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தோம். 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தோம், ஏறியிருந்தது. அப்புறம் இரண்டு இட்லி கொடுத்தேன். நினைவு தப்பின ஆளுக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான். அந்தச் சீனி டப்பா இப்போதும் கட்டில் பக்கத்து அலமாரியில் இருக்கிறது.

ராத்திரி இரண்டு நிமிஷம், கால்

மழைக் காலத்தில் இதை விடவே கூடாது. செருப்பு வார் நனைந்தே இருக்கும், விரல் இடுக்கில் ஈரம் தங்கும், சேற்றுப்புண் வரும். சுகர் ஆளுக்குச் சின்னப் புண்ணும் ஆற நாள் பிடிக்கும். எங்களுக்கு 30 மூடு ரப்பர் மரம் உண்டு. ஒரு நாள் அங்கே போய் வந்தவர் காலை நீட்டிப் படுத்தார். உள்ளங்காலில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. போன் டார்ச் அடித்துப் பார்த்தால், ரப்பர் விதை ஓட்டுத் துண்டு ஒன்று சதைக்குள் குத்தி நிற்கிறது. சுற்றிலும் சிவந்திருந்தது. "வலிக்கலியா?" என்றேன். "என்னது?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நரம்பு மரத்துப் போகத் தொடங்கியிருக்கிறது என்று மறுநாள் டாக்டரம்மா சொன்னார்.

அன்று முதல் படுக்கும் முன்பு டார்ச் அடித்து இரண்டு காலையும் பார்ப்பேன். உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு ஒவ்வொன்றும். பழைய வேட்டித் துண்டால் இடுக்கை ஒற்றித் துடைப்பேன். குதிகாலில் தேங்காய் எண்ணெய் தடவலாம். விரல் இடுக்கில் தடவக் கூடாது, ஈரம் அங்கேயே நிற்கும். வீட்டுக்குள்ளேயும் அவர் செருப்புப் போட்டுத்தான் நடக்கிறார். தொடக்கத்தில் மாமிக்கு அது பிடிக்கவில்லை, அந்த ஓட்டை எடுத்துக் காட்டின பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

நாலைந்து நாள் போனதும், "உன் காலையும் காட்டு" என்றார். நான் காட்டவில்லை. கல்யாணத்தன்று அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டவள் நான், என் காலை அவர் பிடிக்கிறதா என்று கூச்சம். "முப்பது வருஷமா அடுப்படியில நின்ன காலுதானே, காட்டு" என்று இழுத்து வைத்துக்கொண்டு டார்ச் அடித்தார். குதிகால் முழுக்க வெடிப்பு. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அவரே தடவினார். இப்போது ராத்திரி இரண்டு நிமிஷம் என்பது நாலு நிமிஷம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 15 நாள் மாத்திரையைத் தண்ணீர் புகாத டப்பாவில் எப்போதும் இருப்பு வையுங்கள். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் ரோடெல்லாம் மரம் விழுந்து, எங்களுக்குக் கரண்டே பல நாள் வரவில்லை. வீட்டில் அன்று இரண்டு நாள் மாத்திரைதான் இருந்தது. ரப்பர் வெட்டு நின்ற நாட்களில், மரத்தில் பால் பிடிக்க வைத்த சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள். அதில் தேங்கின மழைத் தண்ணீரில் டெங்குக் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறந்துவிடும். எங்களுக்கு ஞாயிறு காலை அந்த வேலை. காய்ச்சல் வந்தால் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாமல் டாக்டரைப் பாருங்கள், டெங்குவாக இருந்தால் சில வலி மாத்திரை இரத்தக் கசிவைக் கூட்டும்.

கடந்த கார்த்திகை 27-ஆம் தேதி ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைசி 17 சுற்று. வெளியே நல்ல மழை. காலண்டரில் மூன்று நாள் விட்டுப் போயிருந்தது, அவருக்குத் தடுமன் பிடித்த நாட்கள். விறகுப்புரைச் சுவரில் கடைசியாக வளைந்து திரும்பி வராந்தாவுக்கு வந்தார். மாமி கடைசிக் கொட்டையைச் சிரட்டையில் போட்டுவிட்டு, "தக்கலை வந்தாச்சு, எல்லாரும் இறங்குங்க" என்றார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இனி எந்த ரூட்டுப்பா?" என்று மாமி கேட்டார்.

"கன்னியாகுமரி" என்றார். "மழை விட்டா, ரோட்டுலயே போவலாம்."